ஏ/எல், ஏ/பி பெயரிலிருந்து ஹெச்-இண்டெக்ஸ் வரை: ஆய்வுப் பதிவைச் சீராக்கவும் மேற்கோள் தாக்கத்தைக் கணக்கிடவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பதவி உயர்வு விண்ணப்பம், மானியப் படிவம், ஆண்டு இறுதிக் கேபிஐ (பணித்திறன் குறியீடு) அறிக்கை என எதை எடுத்தாலும் நம் மலேசியப் பல்கலைக்கழகங்கள் ஹெச்-இண்டெக்ஸ் கேட்காமல் விடுவதில்லை. ஆறு கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது ஆறு மேற்கோள் பெற்றிருந்தால் ஹெச் 6, ஏழு கட்டுரைகள் ஏழு பெற்றிருந்தால் ஹெச் 7, இப்படிப் போகும் எண் அது. கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பதியும் தரவுத்தளங்களில், ஒரே விரிவுரையாளருக்குக் கூகுள் ஸ்காலர் 14 என்றும், ஸ்கோபஸ் 9 என்றும், வெப் ஆஃப் சயின்ஸ் 7 என்றும் காட்டலாம். மூன்றும் சரியாக இருக்கலாம், மூன்றும் தவறாகவும் இருக்கலாம். எந்தக் கட்டுரைகளை எண்ணிய கணக்கு என்பது தெரியாதவரை அந்த எண்ணுக்குப் பொருளில்லை. ஆகவே முதலில் பட்டியலைச் சரிசெய்ய வேண்டும், கணக்கு அதற்குப் பிறகு. பெரும்பாலோர் படிவத்துக்குக் கெடு நெருங்கும்போது எண்ணைத் தேடிப் போய், பிறகு பட்டியலில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார்கள். தரவுத்தளத் திருத்தங்கள் ஒரே நாளில் முடியாது. குறைந்தது இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

பெயர்: பாதிச் சிக்கல் இங்கேதான்

தரவுத்தளங்கள் எல்லாப் பெயர்களையும் குடும்பப் பெயர், முன்னெழுத்து என்ற வரிசையில்தான் பதிகின்றன. மலேசியத் தமிழர்களான நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. அடையாள அட்டையில் இருப்பது சொந்தப் பெயர், நடுவில் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), அடுத்து அப்பா பெயர். கவிதா ஏ/பி முருகையா என்று ஒரு கற்பனைப் பெயரை எடுத்துக்கொள்வோம். இவருடைய கட்டுரைகள் தரவுத்தளத்தில் இப்படியெல்லாம் சிதறும்:

முருகையா, கே.
கவிதா, எம்.
முருகையா, கே.ஏ.பி.
ஏ/பி முருகையா, கே.

நான்கும் நான்கு தனி ஆட்களாகப் பதிவாகலாம். நான்காக உடைந்த பதிவில் ஒவ்வொன்றுக்கும் ஹெச்-இண்டெக்ஸ் இரண்டோ மூன்றோதான் வரும். இதோடு எழுத்துக்கூட்டல் வேறுபாடும் சேரும். பிறப்புச் சான்றிதழ் எழுதியவர் ரோமன் எழுத்தில் சுப்ரமணியத்தை எந்த எழுத்தில் முடித்தாரோ அதுதான் வாழ்நாள் முழுக்க. கூடப் பிறந்தவர்களுக்கே வேறு எழுத்துக்கூட்டல் இருக்கும் குடும்பங்கள் ஏராளம்.

செய்ய வேண்டியது இதுதான். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள்: சொந்தப் பெயர், அப்பா பெயர், நடுவில் எதுவும் வேண்டாம். ஆய்விதழ்களின் சமர்ப்பிப்புத் தளத்தில் முதல் பெயர்க் கட்டத்தில் கவிதா, கடைசிப் பெயர்க் கட்டத்தில் முருகையா. ஏ/பி என்பதை எந்தக் கட்டத்திலும் போடாதீர்கள். சாய்கோட்டைச் சில தளங்கள் விழுங்கிவிடும், சில தளங்கள் அதையே குடும்பப் பெயரின் முதல் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். மேற்கோளில் உங்களை முருகையா என்று அப்பா பெயரால் அழைப்பார்கள். அது உறுத்தலாக இருந்தாலும் அடையாள அட்டையோடும் மானியப் படிவத்தோடும் ஒத்துப்போவது இந்த வடிவம்தான். ஏற்கெனவே பெரும்பாலான கட்டுரைகள் கவிதா, எம். என்று வந்துவிட்டனவா? அப்படியே தொடருங்கள். நடுவழியில் மாற்றினால் நட்டம் உங்களுக்கே. திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்ற நினைப்பவர்களுக்கும் இதே பதில்.

இணையாசிரியர் சமர்ப்பிக்கும் கட்டுரையில் உங்கள் பெயரை அவர்தான் தட்டச்சு செய்கிறார். அவருக்கு நினைவிருக்கும் வடிவம் வேறாக இருக்கும். பெயர், நிறுவன முகவரி, ஆர்கிட் எனும் ஆய்வாளர் அடையாள எண் மூன்றையும் ஒரே வரியாக எழுதி வைத்துக்கொண்டு, எழுதத் தொடங்கும்போதே அனுப்பிவிடுங்கள். மெய்ப்பு வரும்போது உங்கள் பெயர் உள்ள வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அச்சான பிறகு திருத்துவது பெரும் பாடு.

நிறுவனப் பெயரும் அப்படித்தான். யுனிவர்சிட்டி சைன்ஸ் மலேசியா என்பதை யாரும் ஆங்கிலப்படுத்தி எழுதக் கூடாது. பினாங்கு வளாகமா, நிபோங் தெபால் பொறியியல் வளாகமா, குபாங் கிரியான் மருத்துவ வளாகமா என்பது பல்கலைக்கழகப் பெயருக்கு அடுத்து வரட்டும். மருத்துவமனைப் பெயரையோ ஆய்வு மையத்தின் பெயரையோ மட்டும் போட்டால் அந்தக் கட்டுரை பல்கலைக்கழகக் கணக்கில் சேராமலே போகலாம்.

ஆர்கிட்: ஒருவருக்கு ஒன்றுதான்

ஆர்கிட் 2012 அக்டோபரில் தொடங்கிய இலவச அடையாள எண். பதினாறு இடம் கொண்டது, நாலு நாலாகப் பிரித்து எழுதப்படும். கடைசி இடம் சரிபார்ப்புக்கானது. அதில் எக்ஸ் என்ற எழுத்தும் வரலாம், அது பிழையல்ல.

பதிவு செய்யும்போது மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, பல்கலைக்கழக மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சல் ஒன்றையும் சேருங்கள். முனைவர் பட்டம் முடிந்து அந்தப் பல்கலைக்கழக மின்னஞ்சல் மூடப்பட்டதும் உள்ளே நுழைய முடியாமல் இரண்டாவது ஆர்கிட் எடுப்பவர்கள் நிறையப் பேர். இரண்டு எண் எடுத்துவிட்டீர்களானால் கணக்கு அமைப்புப் பகுதியில் நகல் பதிவை நீக்கும் வசதி உண்டு. இரண்டு, பிற பெயர்கள் என்ற பகுதியில் மேலே சொன்ன சிதறல் வடிவங்கள் அனைத்தையும் எழுதிவிடுங்கள். மூன்று, புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்க, டிஓஐ பதிவு செய்யும் அமைப்பான கிராஸ்ரெஃப் அனுமதி கேட்டு வரும் அறிவிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆர்கிட் எண் கொடுத்துச் சமர்ப்பித்த கட்டுரைகள் அதன்பின் நீங்கள் கை வைக்காமலே வந்து சேரும்.

மூலப்பட்டியல்

எந்தத் தளத்தையும் நம்பாமல் உங்களுக்கென்று ஒரு எக்செல் கோப்பு வேண்டும். நிரல்கள்: தலைப்பு, எல்லா ஆசிரியர்களும் வரிசைப்படி, உங்கள் இடம், தொடர்பு ஆசிரியரா (ஆய்விதழோடு கடிதத் தொடர்பு வைப்பவர்), ஆய்விதழ், ஐஎஸ்எஸ்என் (இதழின் எண்), தொகுதி, பக்கம், டிஓஐ (கட்டுரையின் நிலையான இணைய எண்), கட்டுரை வகை, ஸ்கோபஸில் உண்டா, வெப் ஆஃப் சயின்ஸில் உண்டா. ஆண்டுக்கு மட்டும் இரண்டு நிரல் வையுங்கள். இணையத்தில் 2023 டிசம்பரில் வந்து, இதழ்த் தொகுதியில் 2024 என்று பதிவாகும் கட்டுரை எந்த ஆண்டுக் கேபிஐ என்பது ஓயாத சண்டை. உங்கள் பல்கலைக்கழக விதி எதைச் சொல்கிறதோ அதைக் காட்ட இரண்டு தேதியும் கையில் இருக்க வேண்டும்.

மூன்று தளங்களையும் துப்புரவாக்குதல்

ஸ்கோபஸிலிருந்து தொடங்குங்கள், இங்கே அதிகம் கேட்கப்படுவது அதுதான். ஆசிரியர் தேடலில் உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் தனித்தனியே தேடுங்கள். கிடைத்த உங்கள் பதிவுகளைத் தேர்ந்து இணைக்கும் கோரிக்கை கொடுங்கள். இதற்கு இலவசக் கணக்கே போதும். அடுத்து ஒவ்வொரு கட்டுரையாகப் பார்த்து, உங்களுடையது அல்லாததை விலக்குங்கள். குமார், ராஜ் போன்ற பெயர்களில் இந்தியாவிலும் இங்கும் எத்தனையோ ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். வேறொருவரின் நூறு மேற்கோள் உள்ள கட்டுரை உங்கள் பதிவில் வந்து ஒட்டிக்கொண்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். பதவி உயர்வுக் குழுவில் ஒருவர் அதைத் திறந்து பார்த்தால் மொத்த விண்ணப்பத்தின் நம்பகமும் போய்விடும். இணைப்பு முடிந்ததும் ஆர்கிட்டில் உள்ள ஸ்கோபஸ் எண் சரியானதுதானா என்று மறுபடி பாருங்கள்.

வெப் ஆஃப் சயின்ஸ், யூஜின் கார்ஃபீல்டு 1964இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணையின் வழிவந்தது. 2016 முதல் கிளாரிவேட் நிறுவனத்திடம் இருக்கிறது. மூத்த பேராசிரியர்கள் இன்னும் ‘ஐஎஸ்ஐ பேப்பர்’ என்று சொல்வது கார்ஃபீல்டு நிறுவிய இன்ஸ்டிடியூட் ஃபார் சயின்டிஃபிக் இன்ஃபர்மேஷன் என்ற பழைய நிறுவனத்தின் பெயரை வைத்துத்தான். உங்கள் ஆசிரியர் பதிவைத் தேடி உரிமை கோருங்கள். மேற்கோள் எண்ணிக்கையை மையத் தொகுப்பிலிருந்து (கோர் கலெக்‌ஷன்) எடுக்கிறீர்களா, எல்லாத் தரவுத்தளங்களிலிருந்தும் எடுக்கிறீர்களா என்பதைக் கவனியுங்கள். இரண்டுக்கும் வேறு எண் வரும். படிவங்கள் பொதுவாகக் கேட்பது மையத் தொகுப்பை.

கூகுள் ஸ்காலர் எளிது, அதனால்தான் ஆபத்தும் அதிகம். புதுக் கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் அமைப்பை மாற்றி, மின்னஞ்சலில் கேட்ட பிறகே சேர்க்கும்படி வையுங்கள். ஒரே கட்டுரை இருமுறை வந்திருந்தால் இரண்டையும் குறியிட்டு இணையுங்கள். இல்லாவிட்டால் அதன் மேற்கோள்கள் இரண்டாகப் பிரிந்து, பத்தைத் தொட வேண்டிய கட்டுரை ஆறும் நான்குமாக நிற்கும். மேற்கோள் எண்ணின் பக்கத்தில் உடுக்குறி தெரிந்தால், அந்த எண்ணில் வேறு கட்டுரைக்கான மேற்கோளும் கலந்திருக்கலாம் என்று பொருள். ஸ்காலர் எண் எப்போதும் பெரிதாக இருப்பதற்குக் காரணம், ஆய்வேடு, முன்வரைவு, மாநாட்டுத் தாள், அறிக்கை என எல்லாவற்றிலிருந்தும் வரும் மேற்கோளை அது எண்ணுவதுதான். குற்றமில்லை, ஆனால் ஸ்கோபஸ் எண்ணோடு அதை ஒப்பிடக் கூடாது.

விடுபட்ட மேற்கோளைத் தேடுதல்

உங்களை மேற்கோள் காட்டியவர் ஆண்டையோ தொகுதி எண்ணையோ தவறாக எழுதினால், தளம் அதை உங்கள் கட்டுரையோடு பொருத்தாது. ஸ்கோபஸில் துணை ஆவணங்கள் என்ற பகுதியிலும், வெப் ஆஃப் சயின்ஸில் மேற்கோள் காட்டப்பட்ட நூல்தேடல் பகுதியிலும் இப்படி அனாதையாக நிற்கும் மேற்கோள்கள் கிடைக்கும். அந்தந்தத் தளத்தின் திருத்தப் படிவத்தில், உங்கள் கட்டுரையின் டிஓஐ, மேற்கோள் காட்டிய கட்டுரையின் டிஓஐ, அதன் துணைநூல் பட்டியலில் உங்கள் பெயர் வரும் பக்கம் மூன்றையும் இணைத்து அனுப்புங்கள். எல்லாவற்றையும் துரத்த வேண்டியதில்லை. ஹெச்-இண்டெக்ஸுக்கு ஒன்றிரண்டு மேற்கோளில் எட்டாமல் நிற்கும் கட்டுரைகளை மட்டும் பார்த்தால் போதும்.

இனிக் கணக்கு

ஹெச்-இண்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். மேற்கோள்களை இறங்கு வரிசையில் எழுதுங்கள். பத்துக் கட்டுரை உள்ள ஒருவரின் பட்டியல் இது என்று வையுங்கள்:

34, 21, 12, 9, 6, 6, 4, 2, 1, 0

ஆறாவது இடத்தில் 6 இருக்கிறது. ஏழாவது இடத்தில் 4தான். ஆகவே ஹெச் 6. பத்தும் அதற்கு மேலும் பெற்ற கட்டுரைகள் மூன்று, ஆகவே ஸ்காலரின் ஐ10 எண் 3. லியோ எக்கே 2006இல் தந்த ஜி-இண்டெக்ஸுக்குக் கூட்டுத்தொகை பார்க்க வேண்டும்: முதல் ஜி கட்டுரைகளின் மொத்த மேற்கோள் ஜியின் வர்க்கத்தை எட்டும் மிகப் பெரிய எண் அது. முதல் ஒன்பது கட்டுரைக்கும் சேர்த்து 95, ஒன்பதின் வர்க்கம் 81, தாண்டுகிறது. பத்தின் வர்க்கம் 100, எட்டவில்லை. ஜி 9. முதல் கட்டுரைக்கு 34 அல்ல, 340 மேற்கோள் வந்தாலும் ஹெச் அசையாது. ஹெச்சின் பலமும் அதுதான், குறையும் அதுதான்.

சுய மேற்கோளைக் கழித்தும் ஒருமுறை பாருங்கள். ஆறாவது கட்டுரையின் 6இல் 2 உங்களுடையது என்றால் அது 4 ஆகும், ஹெச் 5க்கு இறங்கும். ஸ்கோபஸில் உங்கள் சுய மேற்கோளை மட்டும் நீக்கலாம், இணையாசிரியர்கள் எல்லாருடையதையும் சேர்த்தும் நீக்கலாம். எதை நீக்கினீர்கள் என்று எழுதாவிட்டால் எண்ணுக்கு மதிப்பில்லை. தொடர் ஆய்வில் சுய மேற்கோள் வருவது இயல்பு. ஆய்வகத்துக்கே தொடர்பில்லாத கட்டுரையில் மேற்பார்வையாளரின் ஐந்து கட்டுரைகள் வரிசையாக நிற்பது வேறு விஷயம்.

துறைக்குத் துறை ஒப்பிடும்போது

மருத்துவ உயிரியலாளரின் ஹெச் 20ஐயும் கணிதவியலாளரின் ஹெச் 8ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் பெரியவர் என்று கேட்பதில் அர்த்தமில்லை. உயிரியல் கட்டுரையின் துணைநூல் பட்டியல் நீளம், துறையில் ஆட்கள் அதிகம், ஒரு கட்டுரைக்குப் பெயர்களும் அதிகம், மேற்கோள் இரண்டு ஆண்டில் வந்துவிடும். கணிதத்தில் எல்லாமே குறைவு, எல்லாமே மெதுவு. மறுமுனையில், ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வகமான செர்னில் நடக்கும் சிஎம்எஸ் சோதனையின் கட்டுரைகளில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர் பெயர்கள் இருக்கும். மலாயாப் பல்கலைக்கழகக் குழுவும் அதில் உண்டு. அந்தப் பட்டியலில் இருப்பவரின் ஹெச்சை அதே துறையின் கோட்பாட்டு இயற்பியலாளரோடுகூட ஒப்பிட முடியாது.

இதற்காக வந்ததுதான் துறை எடையிட்ட மேற்கோள் தாக்கம். எல்லாரும் சொல்வது எஃப்டபிள்யூசிஐ. ஒரு கட்டுரை பெற்ற மேற்கோளை, அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரை உலக அளவில் சராசரியாகப் பெற்ற மேற்கோளால் வகுப்பார்கள். 12 மேற்கோள் வந்து, உலகச் சராசரி 8 என்றால் 1.5. உலக அளவு 1.00. வெளியான ஆண்டும் அடுத்த மூன்று ஆண்டுகளும்தான் கணக்கில் வரும். கிளாரிவேட் பக்கம் இதற்கு இணையானது சிஎன்சிஐ.

இந்த எண்ணிலும் பொறி இருக்கிறது. ஐந்து கட்டுரைகளின் மதிப்பு 0.4, 0.6, 0.8, 0.9, 12.3 என்று வையுங்கள். சராசரி 3.0, உலக அளவைப்போல் மும்மடங்கு என்று பெருமையாக எழுதலாம். நடுமதிப்பு 0.8தான். அந்த 12.3, முப்பது பேர் சேர்ந்து எழுதிய மீள்பார்வைக் கட்டுரையாக இருந்தால் நேர்காணலில் கேள்வி நிச்சயம். கட்டுரைகள் குறைவாக இருக்கும்போது சராசரியோடு நடுமதிப்பையும், உலகின் முதல் 10 விழுக்காட்டில் எத்தனை கட்டுரை என்பதையும் சேர்த்தே கொடுங்கள்.

துறை எது என்பதை முடிவு செய்வது நீங்களல்ல, கட்டுரை வந்த ஆய்விதழ். செம்பனைக் கழிவிலிருந்து வினையூக்கி செய்யும் வேதியியலாளரின் கட்டுரைகள் ஆற்றல், பொருளறிவியல், சுற்றுச்சூழல் என்று பல இடத்தில் விழும். அவர் எதிர்பாராத துறையின் சராசரியோடு அளக்கப்படுவார். மதிப்பு திடீரென்று குறைந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

துறையின் இதழ்களை நான்கு கால்பகுதியாகப் பிரிக்கும் கியூ1 (முதல் கால்பகுதி), கியூ2 தகராறும் இதே வேரிலிருந்து வருவதுதான். கிளாரிவேட் இதழ்களுக்குத் தரும் தாக்கக் காரணி இரண்டு ஆண்டுக் கணக்கு: 2024க்கான எண் என்றால், 2022, 2023 கட்டுரைகளுக்கு 2024இல் கிடைத்த மேற்கோளை அந்த இரண்டு ஆண்டுக் கட்டுரை எண்ணிக்கையால் வகுத்தது. ஸ்கோபஸின் சைட்ஸ்கோர் நான்கு ஆண்டுக் கணக்கு. சிமாகோவின் எஸ்ஜேஆர் மேற்கோள் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் எடை கொடுக்கும். ஒரே ஆய்விதழ் ஒன்றில் கியூ1, மற்றொன்றில் கியூ2. ஒரே அளவையிலேயே இரண்டு துறையில் இருந்தால் இரண்டு கால்பகுதி. எனவே ‘கியூ1’ என்று மட்டும் எழுதாமல், எந்த அளவை, எந்தத் துறை, எந்த ஆண்டு என்று எழுதுங்கள். ஸ்கோபஸ் ஒரு இதழை நிறுத்திவிட்டதா என்பதை அதன் மூலப் பட்டியலில் ஐஎஸ்எஸ்என் எண்ணால் தேடி, எந்த ஆண்டுவரை சேர்க்கப்பட்டது என்ற வரியைப் பாருங்கள். இதழின் சொந்தத் தளத்தில் ஒட்டியிருக்கும் ஸ்கோபஸ் முத்திரை ஆதாரமே அல்ல. நல்ல இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்திப் பணம் பிடுங்குபவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு விழுக்காட்டுப் பட்டியல்

ஆண்டுதோறும் நாளிதழில் வரும் ‘உலகின் முதல் 2 விழுக்காட்டு அறிவியலாளர்’ செய்தி, ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவை வைத்துத் தயாரிப்பது. பல்கலைக்கழகம் வழங்கும் விருதல்ல. ஆறு அளவைகளைக் கூட்டி ஒரு மதிப்பெண்: மொத்த மேற்கோள், ஹெச், இணையாசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்திய ஹெச்எம், தனியாக எழுதிய கட்டுரைகளின் மேற்கோள், தனி மற்றும் முதல் ஆசிரியர், தனி, முதல் மற்றும் கடைசி ஆசிரியர். துறைகள் 22, உட்துறைகள் 174. வாழ்நாள் பட்டியலும் ஓராண்டுப் பட்டியலும் வேறு வேறு. எதில் பெயர் வந்தது என்று சொல்லுங்கள்.

நம் ஊர்க் கேபிஐக்கு இதில் ஒரு உறுத்தல் உண்டு. தொடர்பு ஆசிரியர் என்பதற்கு இங்கே பல இடங்களில் மதிப்பெண் தருகிறார்கள். அயோனிடிஸ் கணக்கில் நடுவில் நிற்கும் தொடர்பு ஆசிரியருக்கு இடத்துக்கான மதிப்பு எதுவும் கிடையாது. ஆசிரியர் பெயரை அகரவரிசையில் போடும் கணிதம், பொருளியல் துறைகளுக்கும் இந்த முறை பொருந்தாது.

தமிழில் எழுதுபவர்களுக்கு

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை போன்ற இடங்களில் தமிழில் ஆய்வு செய்பவர்களை இந்த எண்கள் கிட்டத்தட்டக் காண்பதே இல்லை. ஆய்வுத் தரம் இதற்குக் காரணமல்ல. ஸ்கோபஸில் சேர ஆய்விதழுக்கு ஆங்கிலத் தலைப்பும் சுருக்கமும் வேண்டும், துணைநூல் பட்டியல் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும். 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டுக் கட்டுரைகளை ஒருவர் தமிழ் நூலில் எடுத்தாண்டால் அந்த மேற்கோள் பெரும்பாலும் எந்தத் தளத்திலும் விழாது.

இருந்தாலும் செய்யக்கூடியவை உண்டு. துணைநூல் பட்டியலில் தமிழ்ப் பதிவுக்குக் கீழே அதன் ரோமன் வடிவத்தையும் கொடுங்கள், எழுத்துப்பெயர்ப்பு முறை கட்டுரை முழுக்க ஒன்றாக இருக்கட்டும். பிடிஎஃப் யூனிகோடில் இருக்கட்டும். பாமினி எழுத்துருவில் செய்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கூகுள் ஸ்காலருக்கு வெறும் ரோமன் குப்பை. திறந்து ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள், கிடைக்காவிட்டால் ஸ்காலருக்கும் கிடைக்காது. இதழ் நடத்துபவர்களிடம் டிஓஐ கேளுங்கள். ஆர்கிட்டில் தமிழ்த் தலைப்பையும் மொழிபெயர்த்த தலைப்பையும் தனித்தனிக் கட்டத்தில் சேர்க்க முடியும். நூல்களுக்கு ஐஎஸ்பிஎன், எந்தெந்த நூலகங்களில் உள்ளது, எந்தப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கிறார்கள், யார் மதிப்புரை எழுதினார்கள் என்பதை ஆதாரமாகத் திரட்டுங்கள். உள்நாட்டு இதழ்களுக்கு உயர்கல்வி அமைச்சின் மைசைட் தரவுத்தளத்தையும் பாருங்கள்.

படிவத்தில் எழுதும் முறை

வெறும் எண் போடாதீர்கள். இப்படி எழுதலாம்: ‘ஸ்கோபஸ், 15 மார்ச் 2025 நிலவரம்: 24 ஆவணங்கள், 310 மேற்கோள்கள், எல்லா ஆசிரியர்களின் சுய மேற்கோளும் நீங்கலாக 262, ஹெச் 9, சுய மேற்கோள் நீங்கலாக 8, முதல் ஆசிரியராக 11 கட்டுரைகள்.’ அடுத்த வரியில் ஆர்கிட், ஸ்கோபஸ் எண்கள். அதற்குக் கீழே உங்கள் முக்கியமான மூன்று கட்டுரைகளுக்கு ஒவ்வொரு வரி: யார் பயன்படுத்தினார்கள், எதற்கு. ஆய்வை இதழின் எண்ணால் அளக்காதீர்கள் என்று சொல்லும், 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனத்தை ஏற்ற குழுக்கள் ஆய்விதழின் தாக்கக் காரணியைவிட இந்த வரிகளைத்தான் படிக்கும். ஏற்காத குழுவில்கூட மதிப்பீட்டாளர்களில் ஒருவராவது படிப்பார்.

எண் எடுத்த அதே நாளில் பதிவுப் பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப் ஆகச் சேமித்து விண்ணப்பத்தோடு இணையுங்கள். நீங்கள் அனுப்பிய நாளுக்கும் குழு கூடும் நாளுக்கும் இடையில் மேற்கோள் கூடலாம். கட்டுரை திரும்பப் பெறப்பட்டாலோ பதிவு மறுபடி உடைந்தாலோ குறையவும் செய்யலாம். அப்போது கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் கோப்பு.